ஒரு வட்டு, இரண்டு எழுத்துமுறை

(சித்தன்னவாசலில் கல்லூரி மாணவர்களும் ஆசிரியர்களும் கலந்துகொண்ட ஒருநாள் பயிலரங்கின் தொடக்கத்தில் ஆற்றிய உரை. அச்சுக்காகச் சற்றே செப்பம் செய்யப்பட்டது.)



காலையில் உங்களில் பலரும் ஏழடிப்பட்டம் என்ற குகைக்கு ஏறிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அங்கே பெரிய கற்படுக்கையில் தமிழி எழுத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டியது என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். பக்கத்துப் படுக்கைகளில் அதற்குப் பல நூற்றாண்டுகள் பின்னால் வந்த சமணத் துறவிகளின் பெயர்கள், வேறு எழுத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. பாறை ஒன்றுதான். எழுதிய மொழியும் தமிழ்தான். ஆனால் பிந்திய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் முந்திய எழுத்தின் முன்னால் நின்றால் கோடுகளை மட்டுமே பார்ப்பார். தமிழ்நாட்டுக் குகைகளில் இருக்கும் இத்தகைய கல்வெட்டுகளின் மொழி தமிழே என்று 1924-இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார். அதுவரை அவை வடமொழி சார்ந்த ஏதோ ஒன்று என்றே பலரும் கருதி வந்தார்கள். எழுத்துமுறை பிடிபட்ட பிறகுதான் பாறை பேசத் தொடங்கியது.

உங்கள் லேப்டாப்பின் ஹார்டு டிஸ்க்கிலும் இதுதான் நடக்கிறது. ஒரே வட்டில் இரண்டு இயங்குதளங்கள் இரண்டு விதமான எழுத்துமுறையில் எழுதி வைக்கின்றன. ஒன்று எழுதியதை மற்றொன்று படிக்க முடியாமல் திகைக்கிறது. சில வேளை, படிக்கத் தெரியாத இடத்தைக் காலி இடம் என்று எண்ணி அழிக்கவும் துணிந்துவிடுகிறது. இன்று நான் பேசப்போவது அதைப் பற்றித்தான்.

இந்த மாவட்டத்தில் இதைப் பேச ஒரு தனிக் காரணம் உண்டு. உலகத்தில் வேறு இடங்களில் ஒரு கணினியில் இரண்டு இயங்குதளங்களை வைத்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் கணினித் துறையினர், அல்லது ஆர்வத்தால் தாங்களே நிறுவிக்கொண்டவர்கள். தமிழ்நாட்டில் அது அரசுப் பள்ளி மாணவர் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அரசின் எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்து கொடுத்த கணினிகள் பலவற்றில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. பாஸ் என்பது சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய இந்திய இயங்குதளம். கணினியை ஆன் செய்தால் ஒரு பட்டியல் வரும். மேலே கீழே அம்புக்குறியை நகர்த்தி, எதற்குள் போவது என்று தேர்ந்துகொள்ள வேண்டும். அன்னவாசலிலும் இலுப்பூரிலும் கீரனூரிலும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் வாழ்க்கையில் முதன்முதலாகத் தொட்ட சொந்தக் கணினி, டூயல் பூட் கணினி.

இதற்கு முன்பே எல்காட்டில் லினக்ஸுக்கான பாதை போடப்பட்டிருந்தது. சி. உமாசங்கர் அதன் நிர்வாக இயக்குநராக இருந்தபோது அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றினார். பின்னால், 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திய வேளையில், பாஸ் லினக்ஸைப் பயன்படுத்தும்படி அரசுத் துறைகளுக்கு அறிவுறுத்தல் போனது. நல்ல முடிவுகள் இவை. கட்டற்ற மென்பொருள் ஒரு மாணவருக்குக் கொடுக்கும் சுதந்திரத்தை நான் பெரிதும் மதிப்பவன். ஆனால் இரண்டையும் கொடுத்த நாம், ஒன்றிலிருந்து மற்றொன்றில் இருக்கும் கோப்பை எப்படி எடுப்பது என்று சொல்லிக் கொடுக்கவில்லை. அது சின்ன விடுபடல் போலத் தோன்றும். நடைமுறையில் அதுதான் பாதி மாணவர்களை லினக்ஸிடமிருந்து விலக்கியது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மாணவர்கள் என்னிடம் கொண்டுவரும் குறை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். “சார், லினக்ஸுக்குள்ள போனா டி டிரைவ் காட்டுது. ஆனா க்ளிக் பண்ணினா திறக்க மாட்டேங்குது.” இன்னொருவர், “திறக்குது சார், படமெல்லாம் தெரியுது. ஆனா எதையும் சேவ் பண்ண விடல, பேஸ்ட்ங்கிறதே மங்கலா இருக்கு” என்பார். மூன்றாவது வகைதான் வயிற்றைக் கலக்கும். “விண்டோஸ்ல போனேன் சார், ஒரு டிரைவை ஃபார்மேட் பண்ணணும்னு கேட்டுச்சு. சரின்னு குடுத்துட்டேன்.”

முதல் இரண்டுக்கும் காரணம் ஒன்று, மூன்றாவதற்கு வேறு. அதைப் புரிந்துகொள்ள வட்டுக்குள் கொஞ்சம் இறங்கிப் பார்க்க வேண்டும்.

ஹார்டு டிஸ்க் என்பது வரிசையாக எண்ணிடப்பட்ட சிறு சிறு கட்டங்கள், அவ்வளவுதான். அந்த நீளத்தைத் துண்டு போட்டு வைப்பதைத்தான் பார்ட்டிஷன் என்கிறோம். எந்தத் துண்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற அட்டவணை வட்டின் தலைப்பகுதியில் இருக்கும். விண்டோஸ் இந்தத் துண்டுகளுக்கு சி, டி, இ என்று பெயர் வைத்துக் காட்டுகிறது. லினக்ஸில் அந்த எழுத்துகளே கிடையாது. அங்கே ஒரே ஒரு மரம். ஒவ்வொரு பார்ட்டிஷனும் அந்த மரத்தின் ஏதோ ஒரு கிளையில் பொருத்தப்படும். அப்படிப் பொருத்துவதற்குத்தான் மவுண்ட் என்று பெயர். ஆகவே ‘என் டி டிரைவ் எங்கே’ என்று லினக்ஸில் தேடுபவருக்கு அந்தப் பெயரில் எதுவும் கிடைக்காது. கோப்பு மேலாளரின் இடப்பக்கப் பட்டியில் ‘150 ஜிபி வால்யூம்’ என்பது போல அளவைச் சொல்லி ஒன்று நிற்கும். அதுதான் உங்கள் டி டிரைவ். டிரைவுக்கு நீங்களே ஒரு பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரிலேயே வரும். வைத்துவிடுங்கள். ஒரு நிமிட வேலை, பல குழப்பங்கள் தீரும்.

துண்டு போட்ட பிறகு ஒவ்வொரு துண்டுக்குள்ளும் கோப்புகளை எப்படி அடுக்குவது, எந்தக் கோப்பு எந்தக் கட்டங்களில் சிதறிக் கிடக்கிறது, யாருக்குச் சொந்தம், எப்போது மாற்றப்பட்டது என்றெல்லாம் எழுதி வைக்க ஒரு முறை வேண்டும். இதுதான் கோப்பு முறைமை. விண்டோஸ் பயன்படுத்துவது என்டிஎஃப்எஸ். 1993-இல் விண்டோஸ் என்டி வெளியானபோது வந்தது. அதில் ஒரு பெரிய பதிவேடு உண்டு. ஒவ்வொரு கோப்புக்கும் அதில் பொதுவாக 1024 பைட் அளவில் ஒரு பதிவு. கோப்பு மிகச் சிறியதாக இருந்தால், அதன் உள்ளடக்கத்தையே அந்தப் பதிவுக்குள் எழுதிவிடும். லினக்ஸ் பெரும்பாலும் பயன்படுத்துவது எக்ஸ்ட்4. 2008-இல் நிலைபெற்றது. இதில் கோப்பின் பெயர் கோப்புறையில் இருக்கும், மற்ற விவரங்கள் எல்லாம் எண்ணிட்ட வேறொரு பதிவில் இருக்கும். என்டிஎஃப்எஸ் துண்டின் முதல் மூன்று பைட்டுகளைத் தாண்டியதும் அதன் பெயரே ஆங்கில எழுத்தில் எழுதப்பட்டிருக்கும். எக்ஸ்ட்4 துண்டில் முதல் 1024 பைட்டைத் தாண்டிய பிறகுதான் அடையாளப் பதிவே தொடங்குகிறது. எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியாதவர் கண்ணுக்கு அது வெறும் குப்பை. விண்டோஸுக்கும் அப்படித்தான் தெரிகிறது.

ஆக, மூன்றாவது மாணவருக்கு நடந்தது இதுதான். தனக்குப் புரியாத துண்டைப் பார்த்ததும் விண்டோஸ், ‘இந்த டிரைவைப் பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யவா?’ என்று கேட்டிருக்கிறது. அந்தப் பெட்டியில் ‘இது வேறு இயங்குதளத்தின் பகுதியாக இருக்கலாம்’ என்று ஒரு வரி சேர்த்திருந்தால் எத்தனையோ பேருடைய ஆய்வேடுகளும் குடும்பப் படங்களும் தப்பியிருக்கும். அது இல்லை. ஆகவே நாம் சொல்லிக்கொள்ள வேண்டும்: டூயல் பூட் கணினியில் ஃபார்மேட் கேட்கும் பெட்டி எது வந்தாலும் ‘கேன்சல்’. யோசிக்கவே வேண்டாம், கேன்சல்தான்.

இன்னொரு வழியிலும் இழப்பு நேர்ந்தது. ‘எனக்கு லினக்ஸ் வேண்டாம், அந்த இடமும் விண்டோஸுக்கே இருக்கட்டும்’ என்று கணினிக் கடைக்குக் கொண்டுபோவார்கள். அங்கே டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து லினக்ஸ் துண்டை நீக்கிவிடுவார்கள். மறுமுறை கணினியை ஆன் செய்தால் கறுப்புத் திரையில் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று ஒரு சொல் மட்டும் நிற்கும். தொடக்கத்தில் பட்டியல் காட்டியது கிரப் என்ற நிரல். அதன் மீதிப் பகுதிகள் அந்த லினக்ஸ் துண்டுக்குள் இருந்தன. துண்டு போனதும் கிரப் வழி தெரியாமல் நின்றுவிட்டது. விண்டோஸுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் அதைத் தொடங்கி வைக்க ஆள் இல்லை. ‘கவர்ன்மென்ட் லேப்டாப் அப்படித்தான், போயிடுச்சு’ என்று பரண் மேல் ஏறிய கணினிகள் உண்டு. விண்டோஸ் மீட்பு வட்டு ஒன்றைப் போட்டு, தொடக்கப் பகுதியைச் சரிசெய்தால் உயிர் பெற்றிருக்கும். இதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

இப்போது முதல் இரண்டு மாணவர்களிடம் வருகிறேன். இவர்களுடைய சிக்கல் எதிர்த் திசையில், லினக்ஸிலிருந்து விண்டோஸ் டிரைவைத் திறப்பதில். இது வேலை செய்திருக்க வேண்டும். என்டிஎஃப்எஸ்ஸின் உள்ளமைப்பை மைக்ரோசாஃப்ட் முழுமையாக வெளியிட்டதில்லை. ஆனாலும் லினக்ஸ் நிரலாளர்கள் ஆண்டுக்கணக்கில் வட்டின் பைட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒப்பிட்டு, ஊகித்து, சரிபார்த்து அதைப் படித்தெடுத்தார்கள். முதலில் படிக்க மட்டுமே முடிந்தது. எழுதுவது ஆபத்தாக இருந்தது. ஹங்கேரியைச் சேர்ந்த சபோல்ச் சகாச்சிச் உருவாக்கிய என்டிஎஃப்எஸ்-3ஜி நிரலின் முதல் நிலையான பதிப்பு 2007 பிப்ரவரியில் வந்த பிறகுதான் நம்பி எழுத முடிந்தது. உங்கள் பாஸ் லினக்ஸிலும் உபுண்டு லினக்ஸிலும் விண்டோஸ் டிரைவ் திறந்ததற்கு அந்த உழைப்புதான் காரணம். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின், 2021-இல் வெளியான 5.15 பதிப்பில் பாரகான் நிறுவனம் கொடுத்த என்டிஎஃப்எஸ் இயக்கி நேரடியாகவே சேர்ந்தது. பாறையில் கிடந்த எழுத்தைப் படித்தவர்களை நாம் கொண்டாடுகிறோம். வட்டுக்குள் கிடந்த எழுத்தைப் படித்துக் கொடுத்த இவர்களும் அந்த வரிசையில் வைக்கத் தக்கவர்கள்தான்.

அப்படியிருந்தும் ஏன் திறக்கவில்லை? 2012-இல் விண்டோஸ் 8 வந்தது. அதோடு ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதியும் வந்தது. இது தெரியாததால்தான் பத்துக்கு ஒன்பது பேர் தடுமாறுகிறார்கள் என்பதால் இதை நிதானமாகச் சொல்கிறேன்.

நீங்கள் ஷட்டவுன் கொடுக்கிறீர்கள். திரை அணைகிறது, விளக்கு அணைகிறது. கணினி முழுதாக நின்றுவிட்டது என்று நினைக்கிறீர்கள். ஆனால் விண்டோஸ் உங்கள் நிரல்களை மட்டும்தான் மூடுகிறது. தன் மையப் பகுதியை, நினைவகத்தில் இருந்தபடியே அச்சு எடுத்து சி டிரைவில் ஒரு பெரிய கோப்பாக வைத்துவிடுகிறது. அடுத்த முறை ஆன் செய்யும்போது எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்காமல் அந்த அச்சை எடுத்து நினைவகத்தில் போட்டுக்கொள்கிறது. அதனால்தான் சீக்கிரம் எழுகிறது. அந்த அச்சுக்குள், ‘என் டிரைவ்களில் எந்தக் கட்டம் காலி, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது’ என்ற விண்டோஸின் கணக்கும் உறைந்து கிடக்கிறது. சி டிரைவ் மட்டுமல்ல, அப்போது திறந்திருந்த டி டிரைவின் கணக்கும்.

இந்த நிலையில் நீங்கள் லினக்ஸுக்குள் போய் டி டிரைவில் நூறு படங்களைச் சேமிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டில் கணக்கு மாறிவிட்டது. மறுநாள் விண்டோஸ் எழுந்து, நேற்றைய பழைய கணக்கை நம்பி, லினக்ஸ் எழுதிய அதே கட்டங்களைக் காலி என்று எண்ணி அவற்றின் மேலேயே எழுதும். இரண்டு கோப்பும் போகும். சில வேளை டிரைவே போகும். இதைத் தடுக்கத்தான் லினக்ஸ் நிரல், ‘விண்டோஸ் உறங்கிக்கொண்டிருக்கிறது, நான் எழுத மாட்டேன்’ என்று மறுக்கிறது. ஒன்று திறக்காது, அல்லது படிக்க மட்டும் விடும். கோளாறு என்று நாம் நினைப்பது உங்கள் கோப்பைக் காப்பாற்றும் செயல். கட்டாயப்படுத்தித் திறக்கும் கட்டளைகள் இருக்கின்றன. உறைந்த அச்சை நீக்கிவிட்டுத் திறக்கும் வழியும் இருக்கிறது. யாராவது அதை எழுதிக் கொடுத்தால் என்ன நடக்கிறது என்று தெரியாமல் பயன்படுத்தாதீர்கள்.

செய்ய வேண்டியது எளிது. விண்டோஸுக்குள் போய், கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், ‘பவர் பட்டன் என்ன செய்யும்’ என்று தேர்ந்துகொள்ளும் பக்கம். அங்கே ‘டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்பதற்கு முன்னால் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். அது மங்கலாக இருந்தால், மேலே இருக்கும் ‘இப்போது மாற்ற முடியாத அமைப்புகளை மாற்று’ என்ற இணைப்பை முதலில் அழுத்துங்கள். அவசரத்துக்கு வேறு வழி: ஷிஃப்ட் பொத்தானைப் பிடித்துக்கொண்டே ஷட்டவுன் கொடுத்தால் அந்த ஒரு முறை முழுதாக நிற்கும். ரீஸ்டார்ட் கொடுத்தாலும் முழுதாக நின்று எழும். லினக்ஸுக்குப் போக வேண்டுமானால் ஷட்டவுன் கொடுத்துவிட்டு ஆன் செய்யாமல் ரீஸ்டார்ட் கொடுத்துப் போங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு அந்த டிக் தானாகவே திரும்பி வந்திருக்கிறதா என்றும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இதே விதி மறுபக்கத்துக்கும் பொருந்தும். லினக்ஸை ஹைபர்னேட் செய்து உறங்க வைத்துவிட்டு, விண்டோஸில் போய்ப் பொது டிரைவில் எழுதினால் அதே ஆபத்துதான்.

புதிதாகக் கணினி வாங்கியவர்களுக்கு இன்னொரு பூட்டும் இருக்கும். விண்டோஸ் 11 உள்ள பல கணினிகளில் டிரைவ் பிட்லாக்கர் முறையில் தானாகவே மறையாக்கம் செய்யப்பட்டு வருகிறது. லினக்ஸ் அதையும் திறக்கும், ஆனால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். இரண்டாவது இயங்குதளம் நிறுவும் முன்பே அதை எடுத்துத் தாளில் எழுதி வீட்டில் வைத்துவிடுங்கள். அந்தக் கணினிக்குள்ளேயே சேமித்து வைப்பதால் பயன் இல்லை.

இனி விண்டோஸிலிருந்து லினக்ஸ் துண்டைத் திறப்பது. எக்ஸ்ட்4-இன் மூல நிரல் எல்லார் முன்னாலும் திறந்து கிடக்கிறது. யாரும் ஊகிக்க வேண்டியதில்லை. இருந்தும் அதைப் படிக்கும் வசதியை விண்டோஸில் நேரடியாகச் சேர்க்கவில்லை. மூடிவைத்த முறையை லினக்ஸ் படிக்கிறது, திறந்து வைத்த முறையை விண்டோஸ் படிப்பதில்லை. இதில் தொழில்நுட்பத் தடை ஏதும் இல்லை, விருப்பமின்மைதான் இருக்கிறது என்பது என் கருத்து. வெளியார் செய்த சில நிரல்கள் உண்டு. அவற்றில் படிக்க மட்டும் செய்யும் நிரல்களைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், கோப்பை விண்டோஸ் பக்கம் நகல் எடுத்துக்கொள்ளலாம். எழுதவும் செய்யும் நிரல்கள் சில பழையவை, எக்ஸ்ட்4-இல் பின்னால் சேர்ந்த அம்சங்களை அறியாதவை. அவற்றைக் கொண்டு எழுத வேண்டாம்.

விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை இயக்கும் டபிள்யூஎஸ்எல் என்ற வசதி இப்போது இருக்கிறதே, அதில் எக்ஸ்ட்4 வட்டை மவுண்ட் செய்யலாமே என்று கணினி அறிவியல் மாணவர்கள் கேட்பீர்கள். செய்யலாம். ஆனால் அது முழு வட்டைத்தான் எடுத்துக்கொள்ளும், ஒரு துண்டை மட்டும் எடுக்காது. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் வட்டை அதனிடம் கொடுக்க முடியாது. நம் லேப்டாப்பில் இருப்பதோ ஒரே வட்டு. ஆகவே தனியாக யூஎஸ்பியில் செருகும் வட்டுக்குத்தான் அது பயன்படும்.

இதற்கெல்லாம் நான் பரிந்துரைக்கும் ஏற்பாடு இதுதான். விண்டோஸுக்கு ஒரு துண்டு, லினக்ஸுக்கு ஒரு துண்டு, உங்கள் கோப்புகளுக்கு மட்டும் மூன்றாவதாக ஒரு பொதுத் துண்டு. அது என்டிஎஃப்எஸ்ஸாக இருக்கட்டும். எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறைமையையும் இரண்டு இயங்குதளங்களும் படிக்கும். மைக்ரோசாஃப்ட் 2019-இல் அதன் விவரக்குறிப்பை வெளியிட்டது, உடனே லினக்ஸ் கெர்னலிலும் சேர்ந்துவிட்டது. வெளியிட மனம் வந்தால் எவ்வளவு விரைவாக வேலை நடக்கிறது பாருங்கள். பென் டிரைவுக்கு எக்ஸ்ஃபேட் நல்லது. ஆனால் எழுதும் நடுவில் மின்சாரம் போனால் மீள்வதற்கு உதவும் குறிப்பேடு அதில் கிடையாது, என்டிஎஃப்எஸ்ஸில் உண்டு. பேட்டரி செத்துப்போன பழைய லேப்டாப்பை நேராக மின்சாரத்தில் செருகி ஓட்டுபவர்கள் நம்மில் நிறைய பேர். அவர்களுக்கு இந்த வேறுபாடு முக்கியம். பழைய ஃபேட்32 வேண்டாம். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியை எட்டவே முடியாது. திருமண வீடியோவைக் கொண்டுபோய் வைத்தால் பாதியில் நிற்கும்.

விண்டோஸில் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் இவற்றின் இடத்தைப் பொது டிரைவுக்கு மாற்றிவிடலாம். லினக்ஸில் கணினி தொடங்கும்போதே அந்த டிரைவ் தானாக மவுண்ட் ஆகும்படி எஃப்எஸ்டேப் என்ற அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும். அந்த வரியில் டிரைவின் வரிசைப் பெயரைக் கொடுக்காமல் யூயூஐடி என்ற அதன் நிலையான அடையாள எண்ணைக் கொடுங்கள். இன்னொரு வட்டு செருகினால் வரிசை மாறலாம், அந்த எண் மாறாது. டிரைவ் கிடைக்காவிட்டாலும் கணினி தொடர்ந்து எழும்பட்டும் என்று சொல்லும் ‘நோஃபெயில்’ என்ற சொல்லையும் அதில் சேருங்கள். பிற்பகலில் ஒவ்வொருவர் கணினியிலும் இதைச் செய்து பார்ப்போம்.

பொது டிரைவில் எல்லாவற்றையும் வைக்கலாமா? ஆவணம், படம், பாட்டு, மின்னூல், வீடியோ எல்லாம் வைக்கலாம். நிரல் எழுதும் மாணவர்கள் உங்கள் லினக்ஸ் திட்டக் கோப்புறைகளை அங்கே வைக்காதீர்கள். யார் இயக்கலாம், யார் படிக்கலாம் என்ற லினக்ஸின் அனுமதிக் குறிகள் வழக்கமான என்டிஎஃப்எஸ் மவுண்டில் நிற்பதில்லை. பைத்தான் சூழல்கள் அங்கே உடையும்.

தமிழில் கோப்புக்குப் பெயர் வைப்பவர்களுக்கு வரும் ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. ஏனென்றால் ஆங்கிலத்துக்கு அது வருவதே இல்லை. என்டிஎஃப்எஸ்ஸில் ஒரு கோப்பின் பெயர் 255 குறியீடுகள் வரை நீளலாம். எக்ஸ்ட்4-இல் 255 பைட் வரை. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், ஆகவே இரண்டும் ஒன்றுதான். தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் லினக்ஸ் பக்கம் மூன்று பைட் ஆகிறது. அதிலும் உயிர்மெய்யின் துணைக்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். ‘சித்தன்னவாசல்’ என்று எழுதிப் பாருங்கள். நம் கண்ணுக்கு எட்டு எழுத்து. ஒருங்குறியில் 13 குறியீடு. லினக்ஸ் வட்டில் 39 பைட். அப்படிக் கணக்குப் போட்டால் 85 தமிழ்க் குறியீடுகளோடு எக்ஸ்ட்4 நிறுத்திவிடும். ஏறத்தாழ எட்டு ஒன்பது சொற்கள். தமிழாசிரியர்கள் கட்டுரைத் தலைப்பை முழுசாகக் கோப்புக்குப் பெயராக வைப்பவர்கள். விண்டோஸில் அது எந்தத் தடையும் இல்லாமல் இருக்கும். லினக்ஸ் பக்கம் நகல் எடுக்கும்போது ‘பெயர் மிக நீளம்’ என்று சொல்லி அந்த ஒரு கோப்பு மட்டும் விடுபட்டுப்போகும். நூறு கோப்புகளை ஒன்றாக நகல் எடுக்கும்போது அந்த ஒன்று விடுபட்டதைப் பலர் கவனிப்பதே இல்லை. பெயரைச் சுருக்கமாக வையுங்கள், முழுத் தலைப்பு உள்ளே இருக்கட்டும்.

இதே போல லினக்ஸில் கோப்புப் பெயரில் முக்காற்புள்ளி, கேள்விக்குறி எல்லாம் வைக்கலாம். விண்டோஸ் ஏற்காது. ‘காலை 10:30’ என்று பெயர் வைத்த படம் பொது டிரைவில் இருந்தும் விண்டோஸில் திறக்காது. இன்னொன்று, கோப்பு திறந்து உள்ளே எழுத்து மட்டும் கிறுக்கலாக வந்தால் அது டிரைவின் குற்றம் அல்ல. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த ஆவணமாக இருக்கும். அந்த எழுத்துரு லினக்ஸில் இல்லை, அவ்வளவுதான். தமிழக அரசு 2010-இல் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்னால் அடித்தவற்றை மாற்றி வைத்துக்கொள்வது நல்லது.

கடிகாரத்தைப் பற்றியும் கேட்பார்கள். லினக்ஸுக்குப் போய்விட்டு வந்தால் விண்டோஸில் மணி ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டும். பேட்டரி போயிற்று என்று சிஎம்ஓஎஸ் பேட்டரியை மாற்றியவர்கள் உண்டு. பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. கணினியின் உள் கடிகாரத்தில் விண்டோஸ் இந்திய நேரத்தை எழுதுகிறது, லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. இடைவெளி ஐந்தரை மணி. உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள் என்று லினக்ஸுக்கு ஒரு கட்டளை கொடுத்தால் தீர்ந்தது. டிரைவ் பற்றிய பேச்சில் இதை ஏன் சேர்க்கிறேன் என்றால், கோப்புகளின் திருத்த நேரமும் இதனால் குழம்பும். புதியது எது, பழையது எது என்று பார்த்து நகல் எடுக்கும் மென்பொருள்கள் பழையதைப் புதியதாக எண்ணி மேலே எழுதிவிடக்கூடும்.

உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடுவதும் லினக்ஸ் கெர்னல்தான். அதன் சேமிப்பகமும் விண்டோஸுக்குப் புரியாத முறையில்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் கேபிளில் செருகினால் படங்கள் விண்டோஸில் வந்துவிடுகின்றன. ஏனென்றால் போன் தன் வட்டை விண்டோஸிடம் கொடுப்பதில்லை. ‘எந்தக் கோப்பு வேண்டும் சொல், நான் எடுத்துத் தருகிறேன்’ என்கிறது. வட்டை எழுதிய இயங்குதளமே விழித்திருந்து எடுத்துக் கொடுப்பதால் அங்கே குழப்பம் இல்லை. டூயல் பூட்டில் ஒன்று விழித்திருக்கும்போது மற்றொன்று விழித்திருக்க முடியாது. இங்கே சிக்கலின் வேரே அதுதான்.

இனி, கணினியைக் கொடுப்பவர்கள் என்ன செய்யலாம் என்று பார்ப்போம். கேரளத்தில் கைட் என்ற அரசு நிறுவனம் பள்ளிகளுக்கென்றே ஒரு லினக்ஸைத் தயாரித்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பாடத்தையும் அதிலேயே நடத்துகிறது. நாம் இரண்டையும் கொடுத்தோம். அதில் தவறில்லை, மாணவர் தேர்ந்துகொள்ளட்டும் என்பது நல்ல எண்ணம். ஆனால் தேர்வு என்பது உண்மையாக இருக்க வேண்டுமானால் எந்தப் பக்கம் போனாலும் அவருடைய கோப்புகள் அவரோடு வர வேண்டும். பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண் விண்டோஸில் வைத்த பாடக்குறிப்புகளை லினக்ஸில் திறக்க முடியாவிட்டால், அவள் லினக்ஸுக்குப் போகவே மாட்டாள். பட்டியலில் அந்தப் பெயர் இருந்தும் பயன் இல்லை. இனிமேல் அரசோ கல்லூரியோ இரண்டு இயங்குதளங்களோடு கணினி கொடுத்தால் தொழிற்சாலையிலேயே ஒரு பொதுத் துண்டும் போட்டு, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்தி, இரண்டு பக்கமும் அது தானாகத் திறக்கும்படி அமைத்துக் கொடுக்க வேண்டும். கூடவே தமிழில் ஒரே ஒரு பக்கத்துக்கு வழிகாட்டித் தாள். இதற்குக் கூடுதல் செலவு பெரிதாக எதுவும் இல்லை. கொள்முதல் விவரக்குறிப்பில் இரண்டு வரிகள் சேர்த்தால் போதும். 2012 முதல் வெளிவரும் கணியம் இதழ் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறது. வழிகாட்டித் தாளை எழுதித் தரத் தமிழ்நாட்டில் ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இங்கே இருக்கும் ஆசிரியர்கள் உங்கள் கல்லூரிக் கொள்முதல் குழுவில் இருந்தால் அடுத்த முறை இதைக் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள்.

உணவுக்குப் பிறகு கணினிகளைத் திறக்கப் போகிறோம். பார்ட்டிஷனில் கைவைக்கும் முன்னால் உங்கள் கோப்புகள் வேறொரு வட்டில் நகலாக இருக்க வேண்டும். நகல் எடுத்ததும் நான்கைந்து கோப்புகளை அந்த வட்டிலிருந்தே திறந்து பாருங்கள். வெளி வட்டு கொண்டுவராதவர்கள் முன்வரிசை மேசையில் பெயர் கொடுங்கள். இங்கே இருக்கும் இரண்டு வட்டுகளை ஒருவர் பின் ஒருவராகத் தருகிறோம். நகல் எடுத்து முடிக்காதவர் கணினியில் இன்று பார்ட்டிஷன் வேலை எதுவும் செய்ய மாட்டோம். அவர்களுக்கு ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்துவது மட்டும் செய்து கொடுக்கிறோம், மீதியை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம். சார்ஜரை மறக்காமல் எடுத்து வாருங்கள். பார்ட்டிஷன் அளவு மாறிக்கொண்டிருக்கும்போது கணினி அணையக் கூடாது.